அனத்தோத்தில் ஒரு நிலம்

எங்கள் பங்குத் திருவிழாவையொட்டி ஆண்டுதோறும் மறைக்கல்வி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைப்பது வழக்கம். புனிதர் ஒருவரின் வாழ்க்கையோ, அருட்சாதனம் ஒன்றின் பொருளோ தலைப்பாக அமையும். அண்மையில் நடந்த போட்டிக்கு முன், ஆசிரியர்களுள் இளையவரான ஒருவர், “பிள்ளைகள் மனப்பாடம் செய்ததையே எழுதுகிறார்கள், சாமி. அவர்களாகவே எண்ணிப் பார்க்கும்படி ஏதாவது கொடுப்போம்” என்றார். அவர் விருப்பப்படி ‘2050-ஆம் ஆண்டில் நம் ஊர்’ என்பது தலைப்பாயிற்று.

நாற்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகள் வந்தன. படிக்கப் படிக்க எனக்கு வியப்பாக இருந்தது. மதுரை வானில் ஊர்திகள் பறந்தன. வைகையில் ஆண்டு முழுவதும் நீர் ஓடியது. மாட்டுத்தாவணியிலிருந்து நிலவுக்குப் பேருந்து புறப்பட்டது. பள்ளிக்கூடங்கள் மறைந்து, பாடம் முழுவதும் ஒரு சிறு சில்லு வழியாகத் தலைக்குள் இறங்கியது. எந்திர மனிதனிடம் ஒப்புரவு அருட்சாதனம் பெறலாம், அது திட்டாது என்று ஒரு சிறுவன் எழுதியிருந்தான். அவன் யாரை மனத்தில் வைத்து எழுதினான் என்று நான் விசாரிக்கவில்லை.

ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் கட்டுரை மட்டும் அரைப் பக்கத்தோடு முடிந்திருந்தது. அவளுடைய தாய் கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுப்பவர். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இருக்கிறது. ‘2050-இல் அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அப்போதும் அம்மா யாரையும் கூப்பிடாமல் தானே ஊசியில் நூல் கோக்க வேண்டும். இப்போதே என்னைத்தான் கூப்பிடுகிறார்’ என்று எழுதி, கீழே தன் பெயரையும் வகுப்பையும் குறித்திருந்தாள். பறக்கும் ஊர்தி ஒன்றுகூட அதில் இல்லை.

நடுவர் மூவரில் இருவர் அதற்கு மிகக் குறைந்த மதிப்பெண் இட்டிருந்தனர். ‘கற்பனை போதாது’ என்று ஒருவர் ஓரத்தில் எழுதியிருந்தார். மூன்றாம் நடுவனான நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆயினும் அந்தத் தாளைக் கீழே வைக்க மனம் வரவில்லை. கால் நூற்றாண்டுக்கும் மேலாக என் நெஞ்சில் தீராமல் கிடக்கும் ஒரு கடனை அது நினைவூட்டிவிட்டது.

குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில் நிறைவுகாலவியல் எனக்கு மிகவும் பிடித்த பாடம். இறையாட்சி ஏற்கெனவே நம்மிடையே தொடங்கிவிட்டது, ஆனால் இன்னும் நிறைவுறவில்லை என்பதைப் பேராசிரியர் பல வாரங்கள் விளக்கினார். புதிய விண்ணகத்தையும் புதிய மண்ணகத்தையும் எதிர்நோக்குவது இந்த மண்ணின்மீதுள்ள அக்கறையைக் குறைத்துவிடக் கூடாது, மாறாக அதைத் தூண்டிவிட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில் போதித்ததைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன்.

குருப்பட்டம் பெற்றபின் உதவிப் பங்குத்தந்தையாக முதலில் அனுப்பப்பட்டது மேலூருக்குக் கிழக்கே, பெரியாற்றுக் கால்வாயின் கடைமடைப் பகுதிக்கு. அங்குள்ள ஒரு கிளைக் கிராமத்தில் கண் தெரியாத முதியவர் ஒருவர் இருந்தார். மாதந்தோறும் முதல் வெள்ளியன்று அவர் வீட்டுக்கு நற்கருணை கொண்டு செல்வேன். திண்ணையில் அமர்ந்து, என் மிதிவண்டியின் ஓசை கேட்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பார். அவருடைய மனைவிதான் கையைப் பிடித்து நடத்திச் செல்வார். நான் அவருக்கு விண்ணகத்தைப் பற்றிச் சொல்வேன். அங்கே இருளே இல்லை, இங்கே காணாததையெல்லாம் அங்கே காண்பீர்கள் என்று ஆறுதல் கூறுவேன். அவர் கண்ணீர் வடிப்பார். என் மறையுரை அவர் உள்ளத்தைத் தொட்டுவிட்டது என்று மனநிறைவோடு திரும்புவேன்.

ஒன்றரை ஆண்டு இவ்வாறு சென்றது. இடையில் அந்த மனைவி காய்ச்சலில் இறந்தார். அடக்கச் சடங்கை நான்தான் நிறைவேற்றினேன். அதன்பின் சில மாதங்கள் கழித்து எங்கள் உபதேசியார், பக்கத்து ஊரில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் நடத்திய இலவச முகாமுக்கு அந்த முதியவரைத் தம் சொந்தச் செலவில் பேருந்தில் அழைத்துப் போனார். கண்ணில் புரை முற்றியிருந்தது, வேறொன்றுமில்லை. மதுரைக்குக் கூட்டிச் சென்று அறுவை செய்து, புரையை நீக்கி, ஒரு சிறு வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தி, உணவும் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தனர்.

அடுத்த முதல் வெள்ளியன்று அவர் என்னைப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். “நீங்கதானா சாமி அது? கொரலக் கேட்டு வயசானவருன்னுல்ல நெனச்சிருந்தேன்” என்று சிரித்தார். பிறகு சற்று நேரம் பேசாமலிருந்து, “இது இம்புட்டுச் சுளுவுன்னு முன்னமே தெரிஞ்சிருந்தா வீட்டுக்காரி மொகத்தையும் ஒருவாட்டி பாத்திருக்கலாம். அவ கொடுத்து வச்சது அம்புட்டுத்தான்” என்றார். அதில் குற்றச்சாட்டு இல்லை. அவர் என்னை நோக்கிச் சொல்லவுமில்லை.

ஆனால் எனக்குத் தெரியும். அதற்கு முந்திய ஆண்டிலும் ஒரு முகாம் நடந்தது. அதற்கான துண்டறிக்கை பங்கு இல்லத்துக்கு வந்தது. திருப்பலி முடிவில் நானே அதை வாசித்தேன். கோவிலுக்கு வர இயலாத ஒருவருக்கு, கோவிலில் வாசிக்கும் அறிவிப்பு எப்படிப் போய்ச் சேரும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தத் துண்டறிக்கையை மடித்து என் திருப்புகழ்மாலை நூலில் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டேன். முப்பது கிலோமீட்டர் தொலைவில் ஒருவருக்குப் பார்வை காத்திருந்தது. நானோ அதைக் கடந்து, விண்ணகத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தேன். நிறைவுகாலவியலில் நான் பெற்ற மதிப்பெண்ணின் மதிப்பு அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

அந்த வில்லை அந்த முதியவரின் கண்வரை வந்த வழியைப் பின்னர் தேடித் தெரிந்துகொண்டேன். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1918-இல் எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள வடமலாபுரத்தில் பிறந்தவர். இளமையிலேயே முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிப்போயின. கோணிய விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி, கண் அறுவை மருத்துவரானார். அரசுப் பணியிலிருந்து 58-ஆம் வயதில் ஓய்வுபெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தோர் தோள்கொடுத்தனர், வீட்டை அடகு வைத்தே பணம் திரட்டினார்கள். அமெரிக்காவில் மெக்டொனால்டு உணவகங்களைக் கண்டபோது, ஊருக்கு ஊர் ஒரே தரத்தில், எளியவரும் வாங்கும் விலையில் உணவு கொடுக்க முடியுமானால் பார்வையை ஏன் கொடுக்க முடியாது என்று அவர் கேட்டார். பணம் செலுத்த இயன்றவர் செலுத்த, அந்த வருவாயிலேயே இயலாதவருக்கும் அறுவை நடந்தது.

அப்போது கண்ணுக்குள் வைக்கும் வில்லை வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஒன்றின் விலை ஏறத்தாழ 100 டாலர். ஏழைக்கு அது எட்டாக்கனி. 1992-இல் அரவிந்த் நிறுவனத்தார் ஆரோலேப் என்ற பெயரில் மதுரையிலேயே வில்லை செய்யத் தொடங்கினர். விலை 10 டாலர் அளவுக்கும், பின்னர் அதற்குக் கீழும் இறங்கியது. டாக்டர் வெங்கடசாமி 2006-இல் காலமானார். அவர் நம் மறையைச் சார்ந்தவர் அல்லர். ஸ்ரீ அரவிந்தரின் பக்தர். மருத்துவமனைக்குப் பெயரும் அதனால் வந்ததே. தூய ஆவியார் தாம் விரும்பும் இடத்தில் வீசுகிறார் என்பதை நான் ஐயுறவில்லை. எனக்கு உறுத்தலாக இருப்பது வேறு. 2000-ஆம் ஆண்டில் உலகம் எப்படி இருக்கும் என்று ஊரெல்லாம் ஊகித்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் ஊகிக்கவில்லை. திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒரு முதியவரை மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தார்.

திண்ணையைச் சொன்னதும் அந்த ஊரின் வயலும் நினைவுக்கு வருகிறது. முதியவர் வாழ்நாளெல்லாம் உழுத நிலம் பெரியாற்று நீரை நம்பியது. அந்த நீரும் ஒரு காலத்தில் யாரோ கண்ட கனவுதான். மேற்கே கடலுக்குப் பாயும் ஆற்றை மலைக்கு இப்பால் கிழக்கே திருப்ப முடியுமா என்று 1789-இலேயே இராமநாதபுரத்துப் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை ஆராய்ந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. 1808-இல் அதை ஆய்ந்த ஆங்கிலேயப் பொறியாளர் கால்டுவெல், இது மேற்கொண்டு கருதத் தகாத வெறுங்கனவு என்று ஒதுக்கிவிட்டார். அப்படி ஒதுக்கி எழுபது ஆண்டுகள் ஆனபோது தாது வருடப் பஞ்சம் இந்தச் சமவெளியைச் சூறையாடியது. அதன் பின்னரே பென்னிகுவிக் வந்தார். 1887-இல் தொடங்கிய அணை வேலை, வெள்ளங்களையும் காய்ச்சலையும் கடந்து 1895-இல் நிறைவேறியது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் கிழக்கே இறங்கி வைகையில் கலந்தது. வெறுங்கனவு என்று எழுதப்பட்டது, இன்று நாம் உண்ணும் சோறு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அந்த மலையில் மலேரியாவிலும் காலராவிலும் மாண்ட கூலியாட்கள் பல நூற்றுவர். பெரும்பாலோரின் பெயரை நாம் அறியோம். திருத்தந்தை 13-ஆம் லியோ தொழிலாளரின் உரிமையைப் பேசும் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலை வெளியிட்ட 1891-இல், அவர்கள் அங்கே கல் சுமந்துகொண்டிருந்தார்கள். அணைக்காகத் திருவிதாங்கூர் மன்னரோடு 1886-இல் செய்த ஒப்பந்தத்தின் காலம் 999 ஆண்டுகள். அதாவது 2885-ஆம் ஆண்டுவரை! அவ்வளவு தொலைவுக்கு நாளையைக் கணக்கிட்டவர்கள், அறுபது ஆண்டுகளில் தங்கள் ஆட்சியே இந்த நாட்டைவிட்டு அகலும் என்பதை அறியவில்லை. அணைக்குக் கீழே இடுக்கியில் வாழ்வோரின் அச்சமும், நீரை நம்பி இப்பால் வாழ்வோரின் கவலையும் உச்ச நீதிமன்றம்வரை சென்றன. 142 அடிவரை நீரைத் தேக்கலாம் என்ற 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின்னும் இருதரப்பு மனங்களும் முற்றும் அமைதி அடையவில்லை. ஒருவருக்கு நீராக வரும் எதிர்காலம் இன்னொருவருக்கு நடுஇரவில் அச்சமாக வரலாம். ஆகவே எந்த எதிர்காலத்தைப் பற்றியும் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு: இது யாருக்காக? இதற்கு விலை கொடுப்பவர் யார்?

இந்தக் கேள்விகளோடுதான் செயற்கை நுண்ணறிவு என்று இன்று எங்கும் பேசப்படுவதையும் நான் நோக்குகிறேன். சர்க்கரை நோய் முற்றினால் விழித்திரையின் நுண்ணிய குருதிக்குழாய்கள் கசியும். வலி இருக்காது, பார்வை மங்கிய பின்னரே பலர் மருத்துவரை நாடுகின்றனர். முன்கூட்டியே கண்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஆனால் நோயாளிகள் கோடிக்கணக்கில் இருக்க, விழித்திரையைப் பார்த்துச் சொல்லும் மருத்துவர்கள் மிகச் சிலரே. கூகுள் ஆய்வாளர்கள், அரவிந்த் உள்ளிட்ட நம் நாட்டுக் கண் மருத்துவமனைகளோடும் சேர்ந்து, விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயை இனங்காணும் கணினி முறை ஒன்றை உருவாக்கி 2016-இல் ஆய்வேடு வெளியிட்டனர். 2019-இல் மதுரையிலேயே அது நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கிய செய்தி வந்தது.

அந்த ஆய்வேட்டில் என்னைக் கவர்ந்தது ஓர் எண்ணிக்கை. கணினிக்குக் கற்பிக்க 1,28,175 படங்கள் தேவைப்பட்டன. அவற்றை 54 கண் மருத்துவர்கள் பார்த்து, ஒவ்வொரு படத்துக்கும் பலமுறை குறிப்பெழுதினர். எந்திரம் தானாகப் பார்க்கக் கற்றுவிடவில்லை. பார்த்துப் பார்த்துக் களைத்த மனிதக் கண்களின் உழைப்பு அதற்குள் இருக்கிறது. தங்கள் விழியின் படம் எங்கோ ஓர் எந்திரத்துக்குப் பாடமாகும் என்று அறியாத நோயாளிகளின் பங்கும் அதில் இருக்கிறது. அந்த அறிவு பொதுநலனுக்கு உரியதாக நிற்குமா, அல்லது சிலரின் கருவூலத்தில் அடங்கிவிடுமா என்பது எந்திரம் முடிவு செய்யும் காரியமன்று. நாம் முடிவு செய்யவேண்டியது.

திருச்சபையும் இதில் வாளாவிருக்கவில்லை. 2025 ஜனவரியில் உரோமையிலிருந்து வெளிவந்த ‘அந்திக்வா எத் நோவா’ என்னும் ஏடு, மனித அறிவு கணக்கிடும் திறனில் மட்டும் அடங்குவதன்று, உடலோடும் உறவோடும் அன்போடும் இணைந்தது என்று விளக்குகிறது. அதே ஆண்டு மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, 13-ஆம் லியோவை நினைந்தே 14-ஆம் லியோ என்ற பெயரைச் சூடியதாகவும், தொழிற்புரட்சிக் காலத்தில் எழுந்த கேள்விகள் செயற்கை நுண்ணறிவால் இன்று புதிதாக எழுகின்றன என்றும் கர்தினால்களிடம் கூறினார். உருப்படிக் கூலிக்குத் தைக்கும் ஒரு தாயின் பிழைப்பை நாளை ஓர் எந்திரம் பறித்துக்கொண்டால், அவர் கண்ணைக் காத்த எந்திரத்தைப் புகழ்ந்து மட்டும் நாம் நிறைவடைய இயலாது.

வாசக அன்பர்களே, இறைவாக்கு என்றதும் பலர் வருங்காலத்தை முன்னறிந்து சொல்வது என்றே கருதுகின்றனர். எரேமியா நூலின் 32-ஆம் அதிகாரத்தை அவர்கள் வாசிக்க வேண்டும். பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. இறைவாக்கினரோ அரசனின் காவல்கூடத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். நகர் வீழும் என்று சொன்னவரும் அவரே. அந்த நேரத்தில் உறவினன் ஒருவன் வந்து, அனத்தோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். பகைவரின் கைக்குப் போகவிருக்கும் நிலத்தை யார் வாங்குவார்? எரேமியா வாங்குகிறார். 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, நெடுநாள் கெடாதிருக்க அதை ஒரு மண்பாண்டத்தில் இடச் செய்கிறார். இந்நாட்டில் மீண்டும் வீடும் வயலும் வாங்கப்படும் என்ற இறைவனின் வாக்கை அவர் நம்பினார். நம்பியதற்கு அடையாளம், தம் பணத்தை எடுத்துக் கொடுத்தது.

வருங்காலத்தை ஊகிப்பதற்கும் எதிர்நோக்கோடு வாழ்வதற்கும் உள்ள வேறுபாடு இதுவே என்று எண்ணுகிறேன். ஊகத்துக்குச் செலவில்லை. எதிர்நோக்கு மடியிலிருந்து எதையாவது எடுத்துக் கொடுக்கச் சொல்கிறது. அடகு வைத்த வீடும் அனத்தோத்து நிலத்தின் விலைதான். அந்த உபதேசியார் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்த பேருந்துக் கட்டணமும் அதே விலைதான். நான் அன்று கொடுத்தது சொற்கள் மட்டும்.

முதற்பரிசு நிலவுக்குப் பேருந்து விட்ட சிறுவனுக்கே சென்றது. எனக்கு அதில் வருத்தமில்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைக் கண்ட நாம், கால்டுவெல்லைப் போல எதையும் வெறுங்கனவு என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் பரிசளிப்பு முடிந்த அடுத்த வாரம் நான் அந்தச் சிறுமியின் வீட்டுக்குச் சென்றேன். தாய் தையல் எந்திரத்தைவிட்டு எழத் தயங்கினார். “ஒரு நா போனா அன்னைக்குக் கூலி போச்சு, சாமி” என்றார். அந்த வாரத்து அன்பியக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். இரண்டு பெண்கள் அன்றைய உருப்படிகளைத் தாங்கள் தைத்துத் தருவதாக எடுத்துச் சென்றனர்.

கண் பரிசோதனை மையத்தில் தாயின் தாடையை ஒரு கருவியில் பொருத்தச் சொல்லிப் படம் எடுத்தார்கள். திரையில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம் தோன்றியது. “நிலா மாதிரி இருக்கு, சாமி” என்றாள் சிறுமி. நோயின் தொடக்கநிலை அடையாளங்கள் இருந்தன. அஞ்சவேண்டியதில்லை, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து ஆறு மாதம் கழித்துக் கட்டாயம் வரவேண்டும் என்று மருத்துவர் கூறினார். திரும்பும் வழியில் தாய் அந்தச் சீட்டை மடித்துப் பணப்பைக்குள் வைத்தார். ஆறு மாதத்தில் அது எங்கே இருக்கும் என்பதை என் அனுபவத்தால் அறிவேன்.

வீட்டுக்கு வந்ததும் என் நாட்குறிப்பில் அந்தத் தேதியைத் தேடி, காலைத் திருப்பலிக்குக் கீழே அவர் பெயரை எழுதினேன். அன்றைக்கு வேறு எந்த நிகழ்ச்சிக்கும் நான் ஒப்புக்கொள்ளப்போவதில்லை. 2050-ஐப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதைக் காண நான் இருப்பேனோ, இறைவன் அறிவார். அந்த ஒரு தேதிக்கு நான் பொறுப்பு. அந்த முதியவரின் மனைவிக்காக இன்றும் திருப்பலியில் செபிக்கிறேன். தம் கணவரின் கண்கள் திறந்ததை அவர் இறைவனின் திருமுன் இருந்து கண்டிருப்பார் என்று நம்புகிறேன். ஆயினும் அவரை அவர் கணவர் ஒருமுறை இங்கே, இந்த மண்ணில், தம் வீட்டுத் திண்ணையில் கண்டிருக்கலாம்.